19,000 கிலோமீட்டரில் தேய்ந்துபோன கிளட்ச்: ஒரு நிகழ்வு ஆய்வு

ஐந்து கியர் உள்ள பெட்ரோல் ஹேட்ச்பேக். கிளட்ச் (எஞ்சினின் சுழற்சியைக் கியர்பாக்ஸோடு இணைத்தும் பிரித்தும் விடுவது) கேபிளில் இயங்குவது. ஓட்டுபவரையும் சேர்த்தால் எடை ஏறக்குறைய 1,000 கிலோ. பட்டறைக்கு வந்தபோது ஓடோமீட்டர் 1,31,000 கி.மீ. காட்டியது. முதல் கிளட்ச் 1,12,000 கி.மீ. வரை வந்திருக்கிறது. ஒன்றரை வருடத்துக்கு முன் வேறொரு இடத்தில் மாற்றியிருக்கிறார்கள். அந்த இரண்டாவது கிளட்ச் 19,000 கிலோமீட்டரில் வழுக்க ஆரம்பித்துவிட்டது.

வண்டிக்காரர் ஐம்பது வயதைத் தாண்டியவர், நிதானமானவர். ஆனால் அன்றைக்குக் கோபத்தில் இருந்தார். "தம்பி, டூப்ளிகேட் தலையில கட்டிட்டாங்க. அதே வண்டி, அதே ஆள். மொதல்ல ஒரு லட்சத்துக்கு மேல வந்தது, இப்ப இருபதாயிரம்கூட வரல. வேற என்ன காரணம் இருக்க முடியும்?"

கேட்டால் நியாயமாகத்தான் படுகிறது. எனக்கும் முதலில் அப்படியே பட்டது. பேச்சோடு பேச்சாக அவர் இன்னொன்றும் சொன்னார்: காலையில் வீட்டு பேஸ்மென்ட் பார்க்கிங்கில் ஏதோ கருகல் வாடை வருகிறதாம், பக்கத்து வண்டி எதுவோ என்று நினைத்தாராம். நான் அதைக் காதில் வாங்கினேனே தவிர மனதில் வாங்கவில்லை. அங்கேயே பிடித்திருந்தால் இரண்டு நாள் மிச்சமாகியிருக்கும்.

ஓட்டிப் பார்த்ததில்

சமதளச் சாலையில் நான்காவது கியரில் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் போய்க்கொண்டே ஆக்ஸிலேட்டரை முழுவதும் மிதித்தேன். ஆர்பிஎம் முள் 1,500 சொச்சத்திலிருந்து சட்டென்று 3,500-க்குப் போனது. ஸ்பீடோமீட்டர் முள் கொஞ்சமும் அவசரப்படவில்லை. கிளட்ச் ஸ்லிப் ஆகிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான அடையாளம் வேண்டாம். ஹேண்ட்பிரேக் போட்டு மூன்றாவது கியரில் கிளட்சை விட்டு, எஞ்சின் அணைகிறதா என்று பார்க்கும் சோதனையும் உண்டு. ஆனால் ஏற்கெனவே வழுக்கும் கிளட்சில் அதை நாலு தடவை செய்து பார்ப்பது, புண்ணில் விரலை விட்டு ஆழம் பார்ப்பது மாதிரி. நான் செய்யவில்லை.

பெடல் மேலே வந்த பிறகுதான் வண்டி நகர ஆரம்பித்தது. பெடலும் கனமாக இருந்தது. கிளட்ச் பிளேட் தேய்ந்த வண்டிகளில் இரண்டும் சேர்ந்தே வரும்.

எஞ்சினோடு சுற்றும் பிளைவீலுக்கும் பிரஷர் பிளேட்டுக்கும் நடுவில், கியர்பாக்ஸோடு இணைந்த இந்தப் பிளேட் அழுந்தி நிற்கிறது. பிளேட் தேயத் தேய பிரஷர் பிளேட் பிளைவீல் பக்கம் நகர்கிறது. அதை அழுத்திப் பிடிக்கும் டயஃப்ரம் ஸ்பிரிங்கின் விரல்கள் எதிர்ப்பக்கம் எழும்பி வந்து, பெடலை மிதிக்கும்போது அவற்றை அழுத்துகிற ரிலீஸ் பேரிங்கைத் தள்ளுகின்றன. அதனால் கேபிளில் இருக்க வேண்டிய ஃப்ரீ பிளே (பெடலை மிதித்ததும் முதலில் வரும் வெற்று அசைவு) குறைந்துகொண்டே வரும். அதைச் சரிசெய்ய, கேபிளின் முனையிலுள்ள அட்ஜஸ்டர் நட்டை அவ்வப்போது தளர்த்த வேண்டும். ஆகவே கேபிள் வண்டிகளில் அந்த நட்டு எவ்வளவு தூரம் வந்திருக்கிறது என்று பார்த்தாலே, கியர்பாக்ஸை இறக்காமல் பிளேட்டின் நிலைமையை ஓரளவு ஊகிக்கலாம். கேபிளுக்குப் பதில் திரவ அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் கிளட்ச் தானாகவே ஈடுகட்டிக்கொள்வதால் அதில் இந்த வசதி இல்லை. இந்த வண்டியில் நட்டு மரையின் கடைசிக்கே வந்திருந்தது. ஃப்ரீ பிளே சரியாக இருந்தது. அதாவது யாரோ ஒழுங்காக அட்ஜஸ்ட் செய்துகொண்டே வந்திருக்கிறார்கள், பிளேட் அதையும் மீறித் தேய்ந்திருக்கிறது.

இறக்கிப் பார்த்ததில்

கியர்பாக்ஸை இறக்கியதும் முதலில் கையை வைத்துப் பார்த்தது கிளட்சை மூடியிருக்கும் கூடான பெல் ஹவுசிங்கின் அடிப்பகுதியில். ஆயில் இல்லை. கருப்பான, உலர்ந்த, மாவு போன்ற தூசிதான் ஒட்டியது. எஞ்சினின் பின்பக்க ஆயில் சீலோ கியர்பாக்ஸ் இன்புட் ஷாஃப்ட் சீலோ கசிந்திருந்தால் இந்தத் தூசி சேறாகியிருக்கும், பிளேட்டின் மேற்பரப்பும் கண்ணாடி மாதிரி பளபளத்திருக்கும். இங்கே அப்படி எதுவுமில்லை. முதல் சந்தேகம் அதோடு முடிந்தது.

அடுத்தது பிளேட். புதிதாக வரும்போது 8 மி.மீ. அளவுக்குத் தடிமன் இருக்க வேண்டியது, 6 மி.மீ.க்கும் கீழே வந்திருந்தது. பிளேட்டின் உராயும் பரப்பான லைனிங்கைப் பிடித்திருக்கும் ரிவெட்டின் தலை, லைனிங்குக்குக் கீழே எவ்வளவு ஆழத்தில் இருக்கிறது என்பதுதான் சரியான அளவுகோல். பெரும்பாலான வண்டிகளில் 0.3 மி.மீ.க்குக் குறைந்துவிட்டால் பிளேட்டைத் தூக்கிப் போட வேண்டும். வெர்னியரின் ஆழக்குச்சியை விட்டுப் பார்த்தேன். ஒரு பக்கம் 0.1, இன்னொரு பக்கம் இரண்டு ரிவெட்டுகள் ஏறக்குறைய மட்டமாகவே இருந்தன. இன்னும் ஒரு மாதம் ஓட்டியிருந்தால் ரிவெட் பிளைவீலில் கோடு போட்டிருக்கும்.

ஆனால் தேய்மானம் ஒரே சீராக இருந்தது. இதைத்தான் அவருக்குக் கூப்பிட்டுக் காட்டினேன். மட்டமான பொருள் என்றால் லைனிங் வெடிக்கும், துண்டு பெயரும், ரிவெட்டைச் சுற்றி உடையும். இங்கே ஒரு விரிசல் இல்லை. ஒழுங்காக வேலை செய்து ஒழுங்காகத் தேய்ந்த பிளேட் அது. நடுவில் அதிர்வைத் தாங்கும் டேம்பர் ஸ்பிரிங்குகளும் ஆட்டம் இல்லாமல் இருந்தன.

பெடல்மேல் எப்போதும் காலை வைத்து ஓட்டுகிற பழக்கம் இருந்தால் அது வேறு இடத்தில் காட்டிக்கொடுக்கும். ரிலீஸ் பேரிங் ஓயாமல் சுற்றிச் சத்தம் போடும், டயஃப்ரம் விரல்களின் நுனியில் பள்ளம் விழும். இந்த வண்டியில் விரல் நுனிகளில் லேசான, ஒரே மாதிரியான தடம்தான். பேரிங்கைக் கையில் வைத்துச் சுற்றினால் வழுவழுப்பாகச் சுற்றியது. "நான் ஹாஃப் கிளட்சுல ஓட்டுற ஆள் இல்ல" என்று அவர் சொன்னதை நம்பலாம் போலிருந்தது.

பிளைவீல்தான் உறுத்தியது. அதன் முகத்தில் கட்டைவிரல் அகலத்துக்கு ஐந்தாறு நீலத் திட்டுகள். சுற்றிலும் மயிரிழை போன்ற வெடிப்புக் கோடுகள். பிரஷர் பிளேட்டிலும் அதே கதை. வார்ப்பிரும்பு நீலம் பாய வேண்டுமென்றால் அந்த இடம் 300 டிகிரி செல்சியஸ் பக்கம் சுட்டிருக்க வேண்டும். சாதாரணமாக வண்டியை எடுத்து ஓட்டுவதில் அவ்வளவு சூடு வராது. எங்கேயோ, எப்போதோ, இந்தக் கிளட்ச் நீண்ட நேரம் தொடர்ந்து வழுக்கவிடப்பட்டிருக்கிறது. ஒருநாள் இருநாள் கதையாகவும் தெரியவில்லை.

பிரஷர் பிளேட் பழசு என்பதும் அப்போது தெரிந்தது. போன தடவை பிளேட்டையும் பேரிங்கையும் மட்டும் மாற்றி, 1,12,000 கி.மீ. ஓடிய பிரஷர் பிளேட்டையே திரும்பப் பூட்டியிருக்கிறார்கள். இது எனக்குப் பிடிக்காத சிக்கனம். கியர்பாக்ஸை இறக்கி ஏற்றுவதுதான் இதில் பெரிய வேலை. அதைச் செய்துவிட்டு, சூட்டில் இழுவை தளர்ந்திருக்கக்கூடிய ஸ்பிரிங்கை உள்ளே விட்டு மூடுவதில் அர்த்தமில்லை. ஆனாலும் பழைய பிரஷர் பிளேட் ஒன்று மட்டுமே புதுப் பிளேட்டை 19,000 கிலோமீட்டரில் தின்றுவிடும் என்று சொன்னால் நானே நம்பமாட்டேன்.

கூடப் போய்ப் பார்த்தது

புது செட் பூட்டியதும் வண்டியைக் கொடுத்து அனுப்பியிருக்கலாம். நீலத் திட்டு மனதை விட்டுப் போகவில்லை. "சார், ஒருநாள் காலையில நீங்க ஆபீஸ் போறப்ப நானும் பக்கத்துல உட்கார்ந்து வரேன்" என்றேன். கொஞ்சம் சங்கடப்பட்டார். தன் ஓட்டுதலைப் பரிசோதிக்கிறான் என்று தோன்றியிருக்கும்.

வெளியே ஒரு டீ நேரம் பேசிவிட்டு ஏறினால் போதும் என்று நினைத்திருந்தேன். நல்லவேளையாக, அவர் பார்க்கிங்குக்கே வரச் சொன்னார்.

பேஸ்மென்ட்டிலிருந்து மேலே ஏற ஒரு சரிவு. எட்டு மீட்டருக்கு ஒரு மீட்டர் உயரம் இருக்கும். சரிவின் உச்சியில் மோட்டாரில் இயங்கும் ஷட்டர். ரிமோட் கீழே இருந்து எட்டாது, சரிவில் பாதி ஏறினால்தான் வேலை செய்யும். அவர் ஏறினார், ரிமோட்டை அழுத்தினார், நின்றார். ஷட்டர் மெதுவாக, அதற்கே உரிய முனகலோடு எழும்ப ஆரம்பித்தது.

பிரேக்கில் கால் இல்லை. ஹேண்ட்பிரேக் கீழே கிடந்தது. இடது கால் பெடலில் பாதியில், வலது கால் ஆக்ஸிலேட்டரில், முள் 2,000-ல். வண்டி முன்னும் போகாமல் பின்னும் வராமல் அந்தச் சரிவில் தொங்கிக்கொண்டிருந்தது. நான் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன். 40 விநாடி. அதற்குள் அந்த வாடை வந்துவிட்டது.

"சார், இப்ப என்ன பண்றீங்க?"

"ஷட்டர் தெறக்கட்டும்னு நிக்கிறேன்."

"கிளட்சுல நிக்கிறீங்க."

அவர் காலைக் குனிந்து பார்த்துக்கொண்டார். அந்த முகத்தை மறக்க மாட்டேன். உண்மையிலேயே அவருக்கு அது தெரியவில்லை. சாலையில் அவர் கிளட்ச் பெடலில் கால் வைப்பவரே இல்லை. அதையும் அன்றைக்கே பார்த்தேன், கியர் மாற்றியதும் கால் தரைக்குப் போய்விடுகிறது. சரிவில் மட்டும் வண்டி பின்னால் போய்விடுமோ என்ற பயம் காலுக்கு ஒரு பழக்கத்தைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. காலையில் ஒரு தடவை, மாலையில் மகளை வகுப்புக்கு விடப் போகும்போது ஒரு தடவை. அவர் இந்த வீட்டுக்குக் குடிவந்ததும் கிளட்ச் மாற்றியதும் ஏறக்குறைய ஒரே சமயம்.

கணக்கு

நின்ற வண்டியை ஒருமுறை நகர்த்திக் கிளப்புவதை இங்கே ஓர் 'எடுப்பு' என்று வைத்துக்கொள்வோம். எஞ்சின் 1,500 ஆர்பிஎம்மில் சுற்ற, கிளட்சை விட்டு முதல் கியரில் வண்டி முழுப் பிடிப்புக்கு வரும்போது வேகம் மணிக்கு 11 கி.மீ. சொச்சம் இருக்கும். சமதளத்தில் அதுவரை வண்டிக்குள் போன இயக்க ஆற்றல் எவ்வளவோ, ஏறத்தாழ அவ்வளவே கிளட்சிலும் சூடாக மாறும். இந்த எடைக்கு அது சுமார் 5 கிலோஜூல். (இதையே 3,000-க்கு ரேஸ் பண்ணி எடுத்தால் வேகம் இரண்டு மடங்கு, சூடு நான்கு மடங்கு. புதிதாக ஓட்டக் கற்றுக்கொள்பவர்களிடம் கிளட்ச் சீக்கிரம் போவதில் இதற்குப் பெரிய பங்கு உண்டு.)

சரிவில் தொங்குவது வேறு ரகம். எட்டுக்கு ஒன்று சரிவில் 1,000 கிலோ வண்டியைப் பின்னால் இழுக்கும் விசை சுமார் 1,200 நியூட்டன். டயரின் ஆரம், முதல் கியரின் மொத்த விகிதம் இரண்டையும் கணக்கில் எடுத்தால் கிளட்ச் தாங்க வேண்டிய திருப்புவிசை 24 நியூட்டன் மீட்டர் அளவில் வருகிறது. சின்ன எண்தான். ஆனால் ஒரு பக்கம் பிளைவீல் 2,000 ஆர்பிஎம்மில் சுற்றுகிறது, மறுபக்கம் பிளேட் அசையாமல் நிற்கிறது. பெருக்கினால் 5 கிலோவாட். இரண்டு பெரிய மின்கெட்டில்களை ஒரே நேரத்தில் போட்டதைவிட அதிகமான சூடு, காற்று சரியாகப் புகாத ஒரு மூடிய கூட்டுக்குள். வண்டி ஓர் அங்குலம்கூட நகரவில்லை என்பதால் அத்தனையும் சூடாகவே போகிறது.

40 விநாடிக்கு 200 கிலோஜூல். அதாவது ஷட்டர் ஒருமுறை திறப்பதற்குள் 40 எடுப்பு.

அன்று காலை அவரோடு போன 12 கி.மீ. தூரத்தில் நின்று கிளம்பியதை விரல்விட்டு எண்ணினேன், 26 தடவை. கிலோமீட்டருக்கு இரண்டுக்குக் கொஞ்சம் மேல். 19,000 கிலோமீட்டருக்கு இது சுமார் 41,000 எடுப்பு. ஒன்றரை வருடத்தில் 500 நாள் ஓட்டியிருந்தால், நாளுக்கு இரண்டு முறை வீதம் ஷட்டர் மட்டும் 40,000 எடுப்புக்குச் சமம். கூட்டினால் 81,000.

சரி, முதல் கிளட்ச்? அது ஓடிய காலம் முழுவதும் அவர் வேலைக்குப் போனது 45 கி.மீ. தள்ளி, பெரும்பாலும் நெடுஞ்சாலையில். ஒரு வழிக்கு இருபது இடத்தில் நின்றிருப்பேன் என்கிறார். தாராளமாகவே வைத்து, இரண்டு கிலோமீட்டருக்கு ஓர் எடுப்பு என்று கொள்வோம். 1,12,000 கிலோமீட்டருக்கு 56,000.

இந்த எண்ணைப் பார்த்ததும் நானே கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 'சீக்கிரம் செத்துப்போன' கிளட்ச், ஒரு லட்சத்துக்கு மேல் உழைத்த கிளட்சைவிட அதிகம் உழைத்திருக்கிறது. ஓடோமீட்டர் சக்கரம் சுற்றியதைத்தான் எண்ணுகிறது. கிளட்ச் தேய்வது சக்கரம் சுற்றும்போது அல்ல. கால் பெடலிலிருந்து எடுக்கப்பட்டு முழுப் பிடிப்பில் ஓடும் ஒரு கிளட்சுக்கு நூறு கிலோமீட்டரும் ஒன்றுதான், ஆயிரம் கிலோமீட்டரும் ஒன்றுதான். தேய்மானமே கிடையாது.

இது தோராயக் கணக்கு. சூடு ஏற ஏற லைனிங் தேயும் வேகமும் கூடும், அதனால் 40 தனித்தனி எடுப்புகளைவிட ஒரே மூச்சில் 40 விநாடி தொங்குவது இன்னும் மோசம். பிரஷர் பிளேட்டின் வளையம் இரண்டரை கிலோ வார்ப்பிரும்பு, சூட்டில் பாதி அதற்குப் போகிறது என்று கொண்டால், அதன் சராசரி வெப்பநிலையே ஒரு தடவைக்கு 80 டிகிரி ஏறும். பிளேட்டைத் தொடும் முகத்தில், அதுவும் ஒரே சீராகத் தொடாத இடங்களில், அதைவிட வெகு அதிகம். நீலத் திட்டுகள் அங்கே பிறந்தவைதான். பழைய பிரஷர் பிளேட்டின் பங்கு எவ்வளவு என்று பிரித்துச் சொல்ல என்னிடம் அளவு இல்லை. ஏதோ கொஞ்சம் இருக்கும்.

பூட்டியதும் பிறகும்

பிளேட், பிரஷர் பிளேட், ரிலீஸ் பேரிங் மூன்றும் புதிது. பிளைவீலை லேத்தில் கொடுத்து வெடிப்புக் கோடுகள் மறையும் வரை முகம் பிடித்து வாங்கினோம். நீலத் திட்டு உள்ள இடம் மற்ற இடத்தைவிடக் கெட்டியாகிவிடும், அப்படியே விட்டால் வண்டி எடுக்கும்போது உதறும். பிளேட்டை நடுவில் நிறுத்தும் கருவியை விட்டு, போல்டுகளை எதிரெதிராகக் கொஞ்சம் கொஞ்சமாக முறுக்கி, பிளேட் உட்காரும் தண்டின் பள்ளங்களில் (ஸ்பிளைன்) தடவியும் தடவாத அளவுக்குக் கிரீஸ் வைத்தோம். முதல் 500 கிலோமீட்டருக்கு இழுவை கொடுக்காமல் ஓட்டச் சொன்னேன்.

அப்புறம் அந்தச் சரிவு. "ஹேண்ட்பிரேக்கைப் போட்டு, நியூட்ரலுக்கு மாத்தி, ரெண்டு காலையும் எடுத்துடுங்க சார்."

"எடுக்கும்போது பின்னாடி போயிட்டா?"

கற்றுக்கொடுத்தேன். முதல் கியர் போட்டு, கிளட்சை மெதுவாக விட்டுக்கொண்டே வரும்போது வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும், எஞ்சின் சத்தம் கொஞ்சம் அமுங்கும். அந்த நொடியில் ஹேண்ட்பிரேக்கை விட்டால் வண்டி பின்னால் போகாது. நாலாவது தடவையில் பிடிபட்டுவிட்டது. இத்தனை வருடம் ஓட்டியவருக்கு யாரும் இதைச் சொல்லித்தரவில்லை என்பதுதான் ஆச்சரியம்.

அட்ஜஸ்டர் நட்டுக்கு வெளியே எத்தனை மரை தெரிகிறது என்று எண்ணி, சர்வீஸ் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் எழுதிவைத்தேன். 22,000 கி.மீ. கழித்து வந்தபோது ஃப்ரீ பிளே கொஞ்சம் குறைந்திருந்தது. நட்டை இரண்டு சுற்றுத் தளர்த்தினேன். மரை இன்னும் பாதிக்கு மேல் பாக்கி இருக்கிறது. முந்தைய பிளேட் இந்த நேரத்துக்குக் குப்பைக்குப் போயிருந்தது.

"அப்ப ஒரு கிளட்ச் எத்தனை கிலோமீட்டர் வரணும் தம்பி?" என்று கிளம்பும்போது கேட்டார். 80,000 முதல் ஒன்றரை லட்சம் வரை என்று பொதுவாகச் சொல்லிக்கொள்வதுண்டு. முப்பதாயிரத்தில் போனதையும் பார்த்திருக்கிறேன், இரண்டு லட்சத்தைத் தாண்டி வந்ததையும் பார்த்திருக்கிறேன். இரண்டுமே நல்ல கம்பெனிப் பிளேட்தான். அதனால் எண்ணைச் சொல்லாமல், மரையை எண்ணச் சொன்னேன்.

போன மாதம் அதே கட்டடத்திலிருந்து அவருடைய பக்கத்து வீட்டுக்காரர் வந்தார். தானே கியர் மாற்றிக்கொள்ளும் ஏஎம்டி வண்டி, கிளட்ச் பெடலே கிடையாது, அதனால் தனக்கு இந்தப் பிரச்சினையே வராது என்று நினைத்திருந்தவர். ஏஎம்டியிலும் உள்ளே இருப்பது அதே உலர் கிளட்ச்தான், மிதிப்பதற்குக் காலுக்குப் பதில் ஒரு மோட்டார். பிரேக்கை மிதிக்காமல் ஆக்ஸிலேட்டரை லேசாகத் தொட்டுக்கொண்டே சரிவில் நின்றால் அதுவும் அப்படியேதான் வழுக்கும். அவரிடம் முதல் கேள்வியாக, "சார், காலையில பேஸ்மென்ட்டுல ஏதாவது கருகல் வாடை வருதா?" என்று கேட்டேன்.

"வரும். அது பக்கத்து வீட்டுக்காரர் வண்டி" என்றார்.